இனம் அறிந்து மருந்திடுவோம்

(கரையாம்புத்தூரில் உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



தென்பெண்ணையாற்று நீராலும் ஏரிப் பாசனத்தாலும் வளம் பெற்ற பாகூர் வட்டாரத்தைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று சொல்வார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களிலும் நெல்லைக் கண்டவர்கள் நீங்கள். ஆகவே நெல் சாகுபடியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நெல்லோடு சேர்ந்து உங்கள் கழனியில் குடியிருக்கும் மற்ற உயிர்களைப் பற்றி, அவற்றுள் எது எந்த இனம் என்பதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

"தாவரங்களை வகைப்படுத்துவது கல்லூரிப் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் பாடமாயிற்றே, அதனால் உழவனுக்கு என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் பதில் கூற வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு உழவர், நுனியிலிருந்து ஓரம் வழியாக மஞ்சளாகிக் காய்ந்து வந்த நெற்பயிர் இலைகளைக் கொண்டுவந்து காட்டினார். காய்ந்த இலையைக் கண்டதும், பூசண நோயாகத்தான் இருக்கும் என்று எண்ணி, ஒரு பூசணக்கொல்லியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் கடன் வாங்கி மருந்து தெளித்தார். பத்து நாள் கழித்து வந்து, "ஐயா, நோய் நிற்கவில்லையே" என்றார். மறுபடியும் தெளிக்கச் சொன்னேன். மறுபடியும் தெளித்தார். பயிர் தேறவில்லை. பிறகுதான் மூத்த அலுவலர் ஒருவர் அந்த இலையை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் வைத்து, நான் செய்த தவற்றை எனக்குக் காட்டினார். அவர் என்ன காட்டினார் என்பதை உரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். இனம் தெரியாமல் நான் எழுதிய ஒரு வரி, அந்த உழவரின் இரண்டு தெளிப்புச் செலவையும் விளைச்சலில் ஒரு பங்கையும் கொண்டுபோய்விட்டது என்பதை மட்டும் இப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னோர் வகுத்த புல்லும் மரமும்

வகைப்படுத்தும் கலை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியலில், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். இதன்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினம்; வேம்பும் புளியும் மரம். பனையை வெட்டிப் பாருங்கள். வெளிப்புறம் வயிரம் பாய்ந்திருக்கும். உள்ளே சோறாக இருக்கும். வேம்பை வெட்டினால் வயிரம் நடுவில் இருக்கும்.

இன்றைய தாவரவியலில் ஒருவித்திலை, இருவித்திலை என்று இரு பெரும் பிரிவுகளைச் சொல்கிறோம். முளைக்கும்போது ஒரு வித்திலை உடையவை நெல், கரும்பு, தென்னை, வாழை, கோரை ஆகியவை. இரண்டு வித்திலை உடையவை உளுந்து, மணிலா, கத்தரி, பருத்தி ஆகியவை. முன்னோர் புல் என்று வைத்தவை பெரும்பாலும் இன்றைய ஒருவித்திலைப் பிரிவில் அடங்கிவிடுகின்றன.

இந்தப் பிரிவு களை எடுக்கும்போது நேரே பயன்படுகிறது. நெற்கழனியில் வரும் களைகள் மூன்று வகை. முதலாவது புல், குதிரைவாலிப் புல் போன்றவை. இரண்டாவது கோரை. மூன்றாவது அகன்ற இலைக் களைகள். களையின் தண்டை இரு விரல்களுக்கு இடையே வைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாகவும் கணு உடையதாகவும் இருந்தால் புல். மூன்று பட்டையாக, கணுவின்றி இருந்தால் கோரை.

2,4-டி என்னும் களைக்கொல்லி அகன்ற இலைக் களைகளையும் கோரையையும் கட்டுப்படுத்தும். புல்லினத்தை அது கொல்லாது. நெல்லும் புல்லினம் ஆகையால்தான் தப்பிக்கிறது. கழனியில் மண்டியிருப்பது குதிரைவாலிப் புல் என்றால் 2,4-டி தெளித்துப் பயனில்லை, காசுதான் நட்டம். பக்கத்துக் கொல்லையில் பருத்தியோ கத்தரியோ இருந்தால், காற்றில் பரவும் மருந்துத் துளி அவற்றின் இலைகளைச் சுருட்டிவிடும். அவை இருவித்திலை இனம் என்பதே காரணம்.

நாற்றங்காலில் நெல்லையும் குதிரைவாலியையும் பிரித்தறிய முடியவில்லை என்று நடவு செய்யும் தாய்மார்கள் சொல்வதுண்டு. இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளையான மெல்லிய சவ்வு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலியில் அது இராது. நாற்றுப் பறிக்கும்போதே இதைக் கண்டு நீக்கினால், பின்னால் கைக்களைக்கு ஆகும் கூலி குறையும்.

நீரில் தொடங்கிய உறவு

இனி, கழனி நீரில் மிதக்கும் பாசிக்கு வருவோம். நாம் எல்லாவற்றையும் பாசி என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். ஆனால் அதில் இரண்டு வெவ்வேறு குலங்கள் இருக்கின்றன.

ஒன்று பச்சைப் பாசி. நூல் நூலாகவும் கொடி போலவும் படர்ந்து, இளம் நாற்றை மூடி, வேர் பிடிக்கவொட்டாமல் மேலே தூக்கிவிடும். மற்றொன்று நீலப்பச்சைப் பாசி. இதைப் பாசி என்று அழைத்தாலும், உறவுமுறையில் இது நுண்ணுயிரான பாக்டீரியாக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் பல வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குத் தருகின்றன. நெல் வயலின் தழைச்சத்து வளத்தில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்பதை பி.கே. டே என்ற வங்காள அறிஞர் 1939-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். நடவு செய்த பத்தாம் நாள் எக்டருக்கு 10 கிலோ, அதாவது ஏக்கருக்கு 4 கிலோ, நீலப்பச்சைப் பாசிப் பொடியைத் தூவி, மெல்லிய அளவில் நீர் நிறுத்திவந்தால் அது பெருகும்.

பச்சைப் பாசியை ஒழிக்க மயில் துத்தத்தைச் சாக்கில் கட்டி வாய்மடையில் வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் துத்தம் பகைப் பாசியையும் நட்புப் பாசியையும் சேர்த்தே கொல்லும். ஆகவே முதலில் நீரை வடித்து, ஓரிரு நாள் காயவிட்டுப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் மட்டும் துத்தத்தை நாடுங்கள்.

இந்த இரண்டு பாசிகளும் நம் பயிர்களுக்கு முன்னோர் முறை ஆகும். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நீலப்பச்சைப் பாசிகள் வெளியிட்ட உயிர்வளி காற்றில் சேரத் தொடங்கியது. அந்தக் குலத்தைச் சேர்ந்த ஒன்று வேறொரு உயிரணுவின் உள்ளே புகுந்து நிலையாகத் தங்கிவிட்டது. நெல் இலையைப் பச்சையாக வைத்திருக்கும் பசுங்கணிகம் அதன் வழிவந்ததே என்று அறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள். பின்னர், சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பச்சைப் பாசியின் வழிவந்த ஒரு கிளை கரையேறியது. நிலத்தில் உள்ள எல்லாத் தாவரங்களும் அதன் வாரிசுகள்தான்.

பூக்காத கீரையும் கல்லான மரமும்

கரையேறிய தாவரங்களில் பழங்குடி என்று பெரணிகளைச் சொல்லலாம். இவை பூக்கமாட்டா, விதையும் வைக்கமாட்டா. நுண்ணிய தூள்களால் இனம் பெருக்கும். பெரணி என்றால் மலையில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் நாலு இலையாய் விரியும் ஆரைக்கீரை ஒரு பெரணிதான். கீரை என்பது சமையலில் அதற்கு உள்ள பெயர்; பெரணி என்பது பிறப்பால் உள்ள பெயர். எத்தனை நாள் காத்திருந்தாலும் அதில் பூவைக் காண முடியாது.

அசோலாவும் பெரணியே. அதன் இலைப் பொந்துகளில் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து தழைச்சத்தைச் சேர்க்கிறது. நடவு செய்த மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் எக்டருக்கு 250 கிலோ, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ, அசோலாவை விட்டு, களையெடுக்கும்போது மண்ணில் மிதித்துவிட்டால் தழைஉரமாகும். கடும் வெயிலில் அது சிவந்து நலியும். குளிர்ந்த பருவமே அதற்கு ஏற்றது.

பெரணிகளுக்குப் பின்னர் விதையுள்ள தாவரங்கள் தோன்றின. அவற்றில் முதலில் வந்தவை, பைன் மரம் போன்ற பூக்காத விதைத் தாவரங்கள். பூக்கும் தாவரங்கள் பிற்பாடு, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தோன்றி, உலகெங்கும் பரவின. இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பிரெஞ்சு நாட்டு அறிஞர் சொன்னரா 1781-ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதினார். பூக்கும் மரங்கள், பூக்காத மரங்கள் ஆகிய இரண்டுமே அங்கே கல்லாகியிருக்கின்றன. பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துச் சென்று காட்டுங்கள்.

தோற்றம் நம்மை ஏமாற்றும் என்பதற்கு உங்கள் சவுக்குத் தோப்பே சாட்சி. சவுக்கின் ஊசி போன்ற பச்சைப் பகுதியைப் பார்த்தால் பைன் மரத்தின் உறவு என்றே தோன்றும். ஆனால் சவுக்கு பூக்கும் தாவரம். அந்த ஊசி உண்மையில் இலையன்று. கணுக்கணுவாக அமைந்த சிறு கிளை. கணுவில் கழற்றிப் பார்த்தால் சுற்றிலும் பல் போன்ற சிறு செதில்கள் தெரியும். அவையே இலைகள். சவுக்கின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்னும் பாக்டீரியா தங்கித் தழைச்சத்தைச் சேர்க்கிறது. மணற்பாங்கான நிலத்திலும் சவுக்கு செழிப்பதற்கு அது ஒரு காரணம்.

பெயரும் ஏமாற்றும். புகையிலைக் கொல்லையிலும் சில இடங்களில் கத்தரியிலும் பச்சையே இல்லாமல் வெளிறிய தண்டாக ஒன்று எழும். புகையிலைக் காளான் என்று அதற்குப் பெயர். காளான் என்று எண்ணி யாரேனும் பூசணக்கொல்லி ஊற்றினால் அது அசையாது. அது பூக்கும் தாவரம். பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. பூத்து விதை உதிர்வதற்கு முன் பிடுங்கி எரிப்பதே வழி. ஒரு செடி உதிர்க்கும் தூள் போன்ற விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும்.

பூசணம் செடியினம் அன்று

மெய்யான காளானும் பூசணமும் என்ன இனம்? சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் தாவரங்களுக்கு முறையாகப் பெயரிட்டபோது பூசணங்களையும் தாவரங்களோடு சேர்த்தே வைத்தார். நெல்லுக்கு ஒரைசா சட்டைவா என்ற பெயரும் அவர் இட்டதுதான். ஆனால் பூசணத்திற்குப் பச்சையம் இல்லை. சூரிய ஒளியில் உணவு சமைக்கத் தெரியாது. 1969-இல் அமெரிக்க அறிஞர் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்துப் பூசணத்திற்குத் தனி உலகம் கொடுத்தார். அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிகள், பூசணம் செடிகளைவிட விலங்கினத்திற்கே நெருங்கிய உறவு என்று காட்டியிருக்கின்றன. பூச்சியின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருளே பூசணத்தின் சுவரிலும் இருக்கிறது.

பூசணம் முழுவதும் பகை என்று எண்ணிவிடக் கூடாது. நெல்லில் கண் வடிவப் புள்ளியை உண்டாக்கும் குலைநோய் பூசணமே. எள் போன்ற செம்புள்ளி நோயும் பூசணமே. 1942-இல் அந்நோய் வங்காளத்து நெல்லை அழித்ததும், மறு ஆண்டு அங்கே வந்த பெரும் பஞ்சத்திற்கு ஒரு காரணமாயிற்று. அதே உலகத்தில்தான் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நண்பனும் இருக்கிறது. மணிலா விதைக் கிலோவுக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைத்தால், வேரழுகல் உண்டாக்கும் பகைப் பூசணங்களை அது அடக்கும்.

இங்கே இனம் அறிவது மிகவும் அவசியம். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணம். அதைக் கலந்த விதையிலேயே பூசணக்கொல்லியையும் கலந்தால் நம் கையாலேயே நண்பனைக் கொன்றுவிடுகிறோம். "இரண்டும் நல்லதுதானே" என்று இரண்டையும் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு செலவு செய்து ஒரு பயனையே பெறுகிறார்கள்.

பனை, தென்னை மரங்களில் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் படர்ந்திருப்பதைக் காட்டி, "இது என்ன நோய்?" என்று கேட்கிறார்கள். அது நோயன்று. ஒரு பூசணமும் ஒரு பாசியும் கூட்டுக் குடித்தனம் செய்வது. பாசி உணவு சமைக்கிறது. பூசணம் அதற்கு வீடும் ஈரமும் தருகிறது. 1867-இல் சுவெண்டனர் என்பவர் இந்தக் கூட்டை முதலில் எடுத்துரைத்தபோது பலர் நம்பவில்லை. வீட்டில் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியும் இந்தக் கூட்டினம்தான். மரத்திலுள்ள இதைச் சுரண்டவும் வேண்டாம். மருந்து பூசவும் வேண்டாம்.

பூசணம் போல் தோன்றுபவை

பூசணம் போலவே தோன்றி, பூசணமாக இல்லாத கூட்டம் ஒன்று உண்டு. உளுந்தின் இலை மேல் மாவு தூவியது போல் வருவது சாம்பல் நோய். கம்பிலும் பீர்க்கனிலும் இலையின் அடிப்புறத்தில் வருவது அடிச்சாம்பல் நோய். பெயரில் ஒரு சொல்தான் வேறு. ஆனால் இனம் முற்றிலும் வேறு. சாம்பல் நோய் மெய்யான பூசணம். உளுந்தில் நனையும் கந்தகத்திற்கு அடங்கும். அடிச்சாம்பல் நோயின் கிருமி, மண்டபம் கடலில் விளையும் பழுப்புக் கடற்பாசிக்குத் தூரத்து உறவு. அதன் சுவர் கைட்டினால் ஆனதன்று. கந்தகம் அதனிடம் செல்லாது. மெட்டலாக்சில் போன்ற தனி மருந்தே கேட்கும். 1970-களின் தொடக்கத்தில் எச்.பி. 3 என்ற வீரிய ஒட்டுக் கம்பை நாட்டின் பல பகுதிகளில் அழித்தது இந்நோய்தான். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியதும் இதே கூட்டத்தைச் சேர்ந்த கிருமியே. வெற்றிலைக் கொடியின் வாடல் நோயும் இந்த இனத்தால் வருவதுண்டு.

மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இரண்டு இனத்துக்கும் பொதுவானது. பிரெஞ்சு நாட்டில் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காக 1885-இல் மில்லார்டே என்பவர் அதை உலகுக்கு அறிவித்தார்.

குவளையில் கண்ட உண்மை

இப்போது என் தவற்றுக்குத் திரும்புகிறேன். அந்த மூத்த அலுவலர், இலையில் நோய் தாக்கிய பகுதியும் பச்சைப் பகுதியும் சேரும் இடத்தில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த நீரில் வைத்தார். சிறிது நேரத்தில் வெட்டிய முனையிலிருந்து பால் போன்ற கலங்கல் புகைபோல இறங்கியது. அது பாக்டீரியா கூட்டம். நோய், பாக்டீரியா இலைக்கருகல். பூசணக்கொல்லிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பூசணத்தால் வந்த நோயாக இருந்தால் அப்படிக் கலங்காது.

இந்தச் சோதனைக்குப் பிளேடும் குவளையும் நீரும் போதும். உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். கலங்கல் தெரிந்தால், தழைச்சத்து இடுவதை நிறுத்துங்கள். வயல் நீரை வடியுங்கள். நோயுள்ள வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். 100 லிட்டர் நீருக்கு 20 கிலோ வீதம் புதிய பசுஞ்சாணத்தைக் கரைத்து, வடிகட்டித் தெளிக்கலாம். பயிர் முழுவதும் குட்டையாகி மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் மாறி, பச்சைத் தத்துப்பூச்சியும் காணப்பட்டால் அது துங்ரோ என்னும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கும் பூசணக்கொல்லி பயன்படாது. பூச்சியைக் கட்டுப்படுத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை

உழவர் பெருமக்களே, நான் கேட்டுக்கொள்வது மூன்றுதான்.

1. மருந்துக் கடைக்குப் போகுமுன் கழனிக்குள் ஒருமுறை இறங்குங்கள். தண்டை உருட்டுங்கள், இலையைத் திருப்புங்கள், குவளையில் வையுங்கள்.

2. இனம் தெரியாத களையோ நோயோ கண்டால், வேரும் இலையும் பூவும் சேர்ந்த முழுச் செடியைப் பிடுங்கி, செய்தித்தாளின் மடிப்பில் வைத்து, கண்ட இடத்தையும் தேதியையும் எழுதிக் கொண்டுவாருங்கள். உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலும், குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்திலும் காட்டலாம். 1955-இல் தொடங்கிய புதுவை பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் இப்படிக் காயவைத்த செடிகளைக்கொண்டே பெரும் தொகுப்பு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். செய்தித்தாளில் வைத்த செடி, அறிஞருக்கும் உழவருக்கும் ஒரே சான்றுதான்.

3. என்னைப் போன்ற அலுவலர் ஒருவர் இலையைத் தூரத்தில் பார்த்தே மருந்து எழுதினால், "ஐயா, இது பூசணமா, பாக்டீரியாவா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அன்று அந்த உழவர் அப்படிக் கேட்டிருந்தால் நான் ஒரு கணம் நின்று யோசித்திருப்பேன்.

கழனியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு குலம் உண்டு. அது தெரிந்தால் யாருக்கு உணவு, யாருக்கு மருந்து, யாரை விட்டுவைப்பது என்பது தானே விளங்கும். வருகிற சம்பாவில் உங்கள் கழனியில் முதலில் பார்க்கும் பத்துச் செடிகளின் இனத்தை எழுதிப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலைக் கொண்டுவாருங்கள்; சேர்ந்து பார்ப்போம்.